ஆபத்தான வேலையில் புதிதாகச் சேர்கிறீர்களா? உடல்நலக் கண்காணிப்பை இப்படித் தொடங்குங்கள்

வேலைக்குச் சேரும்போது எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், சர்க்கரைக்கு ரத்தம் எடுப்பார்கள், எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வார்கள், கடைசியில் 'தகுதி' என்று ஒரு முத்திரை விழும். இது பொதுவான செக்கப், அவ்வளவுதான். தூசு, சத்தம், ஈயம், தின்னர், பூச்சிமருந்து, அதிர்வு என்று ஏதோ ஒன்றுக்கு நாள்தோறும் ஆளாகிறவருக்குத் தேவைப்படுவது வேறு. அந்தப் பொருள் உடம்பில் எந்த இடத்தைத் தாக்குமோ அந்த இடத்தை, தாக்கத் தொடங்கும் முன்பே ஒருமுறையும், அப்புறம் குறித்த இடைவெளியில் மறுபடி மறுபடியும் பார்க்க வேண்டும். ஈயத்தோடு வேலை செய்பவருக்குச் சர்க்கரை டெஸ்ட் எத்தனை தடவை எடுத்தாலும் ஈயம் தெரியாது.

இப்படிப்பட்ட வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெல்டிங், கல் அறுப்பு, ஸ்பிரே பெயின்டிங், பேட்டரி, வார்ப்பு ஆலை, மரவேலை, ஆய்வகம், மருத்துவமனை, பண்ணை, எதுவாகவும் இருக்கட்டும். உங்களைப் பரிசோதிக்கிற முறை சரியா என்று நீங்களே பார்த்துக் கேட்கும் அளவுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை யாரையும் பாதுகாக்காது. தூசை உறிஞ்சி எடுக்கும் காற்றுக்குழாய் பாதுகாக்கும், தண்ணீர் தெளித்து அறுப்பது பாதுகாக்கும், நச்சுப் பொருளுக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்துவது பாதுகாக்கும். அந்தப் பாதுகாப்பு உண்மையில் வேலை செய்கிறதா என்று உங்கள் உடம்பை வைத்துச் சரிபார்ப்பதுதான் கண்காணிப்பு. ஆகவே ரிப்போர்ட் மோசமாக வந்தால் முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியது வேலையிடம், நீங்கள் அல்ல.

எதோடு வேலை செய்கிறீர்கள் என்று எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, ஒரு முழு ஷிப்டில் உங்கள் கை எதைத் தொடுகிறது, மூக்கு எதை முகர்கிறது, காது எதைக் கேட்கிறது என்று எழுதுங்கள். டின், கேன், மூட்டை எதுவாக இருந்தாலும் அதன் மேல் அச்சிட்ட பெயரை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். 'தின்னர்' என்று மட்டும் எழுதினால் டாக்டருக்கு எதுவும் புரியாது. அதில் டொலுவீன் இருக்கிறதா, ஹெக்சேன் இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் டெஸ்டே மாறும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் பாதுகாப்புத் தரவுத் தாள் என்று ஒன்று இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். உலகம் முழுக்க ஏற்றுக்கொள்ளப்பட்ட வடிவத்தில் அதில் 16 பகுதிகள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முடியாவிட்டாலும் 8ஆம் பகுதியைப் படியுங்கள், காற்றில் எவ்வளவு வரை இருக்கலாம், என்ன கவசம் வேண்டும் என்று அங்கேதான் இருக்கும். 11ஆம் பகுதி அது உடம்பை என்ன செய்யும் என்று சொல்லும்.

ஆனால் மோசமான ஆபத்துகள் பலவும் எந்த டின்னிலும் வருவதில்லை. கல்லையும் கான்கிரீட்டையும் அறுக்கும்போது பிறக்கிற சிலிக்கா தூசுக்கு யார் லேபிள் ஒட்டுவது? வெல்டிங் புகை, மரத்தூள், பழைய பெயின்ட்டைச் சுரண்டும்போது வரும் ஈயத்தூள், சத்தம், கையில் பிடித்திருக்கும் கருவியின் அதிர்வு, வெப்பம், இதெல்லாமே வேலை செய்யும்போது உண்டாகிறவை. சத்தத்துக்கு ஒரு எளிய அளவுகோல் சொல்கிறேன்: ஒரு கை தூரத்தில் நிற்பவரோடு பேச நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அங்கே 85 டெசிபலைத் தொட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எந்த வழியாக உள்ளே போகும் என்றும் எழுதுங்கள். மூச்சு வழி எல்லோருக்கும் தெரியும். தோல் வழியாகப் போவதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பூச்சிமருந்துகளும், தின்னர் போன்ற பல கரைப்பான்களும் தோலைத் தாண்டி நேராக ரத்தத்துக்குப் போகும். கை கழுவாமல் எதையாவது சாப்பிட்டாலோ பீடி, சிகரெட்டைத் தொட்டாலோ ஈயம் வாய் வழியாகப் போய்விடும். 1700ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசீனி, நோயாளியிடம் மற்ற கேள்விகளோடு 'என்ன வேலை செய்கிறாய்' என்பதையும் கேட்க வேண்டும் என்று சக மருத்துவர்களுக்குச் சொன்னார். இன்றும் நிறைய டாக்டர்கள் இதைக் கேட்பதில்லை. அதனால் அந்த நோட்டை நீங்களே கொண்டுபோய் மேஜைமேல் வையுங்கள்.

முதல் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பொருளைத் தொடுவதற்கு முன், அந்த எந்திரத்தின் பக்கத்தில் நிற்பதற்கு முன், உங்கள் உடம்பு எப்படி இருந்தது என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 'நார்மல்' என்கிற எல்லை மிகவும் அகலமானது. ஒருவர் வேலையில் சேரும்போது ஒரே மூச்சில், முதல் நொடியில் 4.8 லிட்டர் காற்றை ஊதுகிறார், அவருடைய வயதுக்கும் உயரத்துக்கும் எதிர்பார்க்கும் அளவு 4.0 லிட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். சில வருடம் கழித்து அவர் 4.0 ஊதினால் ரிப்போர்ட்டில் 100 சதவீதம், நார்மல் என்று வரும். ஆனால் அவர் தன் நுரையீரல் திறனில் ஏறக்குறைய 17 சதவீதத்தை இழந்திருக்கிறார். வயதாக ஆக எல்லோருக்கும் வருடத்துக்கு 30 மில்லிலிட்டர் அளவில் குறையும், ஆனால் சில வருடத்தில் இவ்வளவு இழப்பது அதைவிட மிக அதிகம். முதல் ரிப்போர்ட் கையில் இல்லாவிட்டால் இந்த இழப்பு யார் கண்ணிலும் படாது.

பூச்சிமருந்து விஷயத்தில் இது இன்னும் கறார். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் நரம்புகளுக்குத் தேவையான கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. அந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும் என்பதால், மருந்தே தொடாத நாட்களில் எடுத்த உங்கள் சொந்த அளவு இல்லாமல் பின்னால் வரும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. கலிபோர்னியா மாநில விதி கடந்த 30 நாளாக மருந்தோடு தொடர்பில்லாத நிலையில்தான் இந்த முதல் அளவை எடுக்கச் சொல்கிறது. அப்புறம் அது உங்கள் சொந்த அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வேலைமுறையைச் சோதிக்க வேண்டும், சிவப்பணுவில் உள்ள அளவு 70 சதவீதத்துக்கோ ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் உள்ள அளவு 60 சதவீதத்துக்கோ இறங்கினால் ஆளை அந்த வேலையிலிருந்து விலக்க வேண்டும். வேறெங்கே வேலை செய்தாலும் யோசிக்கிற முறைக்கு இது நல்ல முன்மாதிரி.

காதுச் சோதனைக்கு முன் 14 மணி நேரமாவது பெரிய சத்தத்தில் இருந்திருக்கக் கூடாது. சத்தத்தில் இருந்து வந்த உடனே காது கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், அப்போது எடுத்தால் அந்த மந்தமே உங்கள் 'ஆரம்ப நிலை' என்று பதிவாகி, பின்னால் வரும் உண்மையான இழப்பை மறைத்துவிடும். ராத்திரி ஷிப்ட் முடித்த கையோடு காது டெஸ்டுக்கு அனுப்பினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

முன்பே இதே மாதிரி வேலை பார்த்திருக்கிறீர்கள், இருமல் இருக்கிறது, காது கொஞ்சம் கேட்கவில்லை, ஆஸ்துமா உண்டு, இதையெல்லாம் சொன்னால் வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்று மறைக்கத் தோன்றும். அந்தப் பயம் நியாயமானது, எனக்குப் புரிகிறது. ஆனாலும் சொல்லிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவரை ஐசோசயனேட் என்ற ரசாயனம் உள்ள, இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பெயின்ட்டை ஸ்பிரே செய்ய வைத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் முழு விவரத்தையும் முதலாளிக்குத் தருவது முறையல்ல. பொதுவாக இந்த வேலைக்குத் தகுதியா, ஏதேனும் கட்டுப்பாடு வேண்டுமா, வேலையிடத்தில் என்ன மாற்ற வேண்டும் என்ற அளவோடு அது நிற்க வேண்டும். ரத்த ஈயம் போன்ற சில அளவுகள் சட்டப்படியே நிர்வாகத்துக்குப் போகும் இடங்களும் உண்டு. எது யாரிடம் போகும் என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்கு என்ன டெஸ்ட்

டெஸ்டுகளில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, பொருள் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கிறது என்று ரத்தத்திலோ சிறுநீரிலோ அளப்பது. மற்றொன்று, உடம்பு ஏற்கெனவே என்ன ஆகியிருக்கிறது என்று பார்ப்பது. முதல் வகை சீக்கிரம் எச்சரிக்கும், இரண்டாவது வகை தாமதமாகத்தான் சொல்லும். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ், அதாவது சிலிக்கா தூசால் வரும் நுரையீரல் நோய், தெரிகிறது என்றால் தழும்பு விழுந்தாகிவிட்டது, அது திரும்பாது. எந்த ஆபத்துக்கு எந்த வகை டெஸ்ட்தான் உண்டு என்று தெரிந்தால், எங்கே டெஸ்டை நம்பலாம், எங்கே தூசைத் தடுப்பது ஒன்றே வழி என்பதும் விளங்கிவிடும்.

தூசிலிருந்து தொடங்குகிறேன், அதில் இளம் வயதிலேயே பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சிலிக்கா தூசின் ஆபத்தான துகள்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை, காற்று தெளிவாக இருப்பது போலத் தோன்றினாலும் அவை இருக்கலாம். வழக்கமான சிலிக்கோசிஸ் வர 10 வருடத்துக்கு மேல் ஆகும். தூசு மிக அதிகமாக இருந்தால் 5 முதல் 10 வருடத்திலும், அளவு கடந்தால் சில மாதங்களிலேயேகூட வரும். சமையலறை மேடைக்குப் போடுகிற செயற்கைக் குவார்ட்ஸ் பலகைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். அதைத் தண்ணீரில்லாமல் அறுத்த இளைஞர்கள் பலர் நோயாளி ஆனதால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் அந்தப் பலகையையே தடை செய்தது. இந்த வேலைக்கு வேண்டியவை: மார்பு எக்ஸ்ரே, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி, இருமல், மூச்சிரைப்பு பற்றிய விரிவான கேள்விகள், அத்துடன் காசநோய்ச் சோதனை. சிலிக்கா காசநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்பதால் கடைசியாகச் சொன்னதைத் தள்ளிவிடக் கூடாது. சாதாரண எக்ஸ்ரேயில் தொடக்கநிலை நோய் தப்பிப்போவது உண்டு, சந்தேகம் இருந்தால் சி.டி. ஸ்கேன் கூடுதலாகக் காட்டும். எக்ஸ்ரேயைப் பார்ப்பவர் இந்த நோய்களில் பழக்கப்பட்டவரா என்றும் கேட்கலாம். சர்வதேச தொழிலாளர் அமைப்பு இதற்கென்றே தரம் பிரிக்கும் முறையும் ஒப்பிட்டுப் பார்க்க மாதிரிப் படங்களும் வைத்திருக்கிறது.

ஆஸ்பெஸ்டாஸ் வேறு மாதிரி. அதனால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 வருடம் கழித்து வெளிப்படுகிறது. அதை முன்கூட்டியே பிடித்துக் குணப்படுத்தும் டெஸ்ட் எதுவும் இல்லை. ஆகவே பழைய கூரையையோ குழாய் உறையையோ உடைக்கச் சொல்லும்போது 'வருடாவருடம் எக்ஸ்ரே எடுக்கிறோமே' என்று யாராவது சமாதானம் சொன்னால் ஏற்காதீர்கள்.

ஈயத்துக்கு ரத்த டெஸ்ட்தான், அதுவும் கை நரம்பில் எடுக்கும் ரத்தம். விரல் நுனியில் குத்தி எடுத்தால் தோலில் ஒட்டியிருக்கும் ஈயமே எண்ணைக் கூட்டிவிடும். ரத்தத்தில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய சுமார் ஒரு மாதம் ஆகும், அதனால் இந்த எண் அண்மைக் காலத்தைக் காட்டுகிறது. எலும்பில் படிந்தது பல பத்து ஆண்டுகள் அங்கேயே கிடக்கும், கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து வெளியேறி குழந்தைக்கும் போகும். குழந்தை பெறும் எண்ணம் உள்ள பெண்கள் வேலை தொடங்கும் முன்பே டாக்டரிடம் இதைப் பேசிவிடுவது நல்லது. சட்ட எல்லைக்குள் இருக்கிறது என்பதால் மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு தொழிற்சாலை விதி ஒரு டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டால் ஆளை விலக்கச் சொன்னது. ஆனால் 10க்குக் கீழேயே ரத்த அழுத்தம் கூடுகிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டிவிட்டன.

கரைப்பான்களுக்குச் சிறுநீர் டெஸ்ட். டொலுவீன், சைலீன், ஸ்டைரீன் எல்லாம் உடம்பில் வேறு பொருளாக மாறி சில மணி நேரத்திலேயே வெளியேறத் தொடங்கிவிடும். அதனால் ஷிப்ட் முடியும்போது எடுத்த மாதிரிதான் உண்மை பேசும். திங்கள்கிழமை காலை வேலைக்கு வந்த உடனே எடுத்தால் பெரும்பாலும் யாருக்கும் அளவு கூடித் தெரியாது, எல்லோரும் நலம் என்று ஃபைலை மூடிவிடலாம். இது தெரியாமல் செய்தாலும் தெரிந்தே செய்தாலும் தொழிலாளிக்கு நேரும் கெடுதல் ஒன்றுதான். உங்கள் மாதிரி எந்த நேரத்தில் எடுக்கப்பட்டது என்பதைக் கட்டாயம் எழுதிவையுங்கள். ஹெக்சேன் கலந்த பசை, தின்னரோடு வேலை செய்பவர்கள் கால் விரல், கை விரல் மரத்துப்போகிறதா என்றும் கவனிக்க வேண்டும், அது நரம்பைத் தாக்கும்.

சத்தம்: 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது பல நாடுகளில் ஏற்கப்பட்ட எல்லை. 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, ஆகவே 88இல் 4 மணி நேரம், 91இல் 2 மணி நேரம்தான் அதற்குச் சமம். சத்தத்தால் வரும் இழப்பு முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரைக்குள், பெரும்பாலும் 4000இல், காதுச் சோதனையின் வரைபடத்தில் ஒரு பள்ளமாகத் தெரியும். பேச்சு அப்போது நன்றாகவே கேட்கும் என்பதால் உங்களுக்குச் சந்தேகமே வராது. வரைபடத்தை வாங்கி 4000 என்ற இடத்தை நீங்களே பாருங்கள்.

ஆஸ்துமா உண்டாக்கும் பொருட்கள், அதாவது ஐசோசயனேட் பெயின்ட், மாவு, மரத்தூள், சால்டரிங் செய்யும்போது ரோசின் ஃபிளக்ஸிலிருந்து வரும் புகை, முடியை வெளுக்கும் பெர்சல்ஃபேட் பவுடர் போன்றவற்றோடு வேலை செய்தால் வருடத்துக்கு ஒரு டெஸ்ட் போதாது. வேலை நாளில் மூச்சு இளைத்து, விடுமுறையில் சரியானால் அதுதான் பெரிய துப்பு. பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சின்னக் கருவியில் ஒரு நாளைக்கு 4 தடவையாவது, வேலை நாளும் லீவு நாளும் சேர்த்து 4 வாரம் ஊதி எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அது மிகவும் பயன்படும். இந்த நோயில் எவ்வளவு சீக்கிரம் அந்தப் பொருளிலிருந்து விலகுகிறோமோ அவ்வளவு குணம் உண்டு, தள்ளிப்போட்டால் வேலையை விட்டபின்னும் ஆஸ்துமா தங்கிவிடலாம்.

மற்றவை சுருக்கமாக. அதிரும் கருவி பிடிப்பவர்கள் குளிரில் விரல் வெளுக்கிறதா, ராத்திரி மரக்கிறதா, சட்டைப் பொத்தான் போடச் சிரமமா என்று பார்க்க வேண்டும். குரோமியம் பூச்சு வேலையில் தோல் புண்ணும், மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையும் விழலாம், டாக்டர் மூக்குக்குள் பார்க்க வேண்டும். நாள் முழுக்கக் கை ஈரமாக இருப்பவர்கள், கிளீனிங், முடி திருத்தம், மருத்துவமனை வேலையில் இருப்பவர்கள், தோல் சிவந்தோ வெடித்தோ இருக்கிறதா என்று வாரம் ஒரு தடவை விரல் இடுக்குகளைப் பாருங்கள். ரத்தத்தோடும் ஊசியோடும் வேலை என்றால் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு, கடைசி ஊசிக்கு 1 முதல் 2 மாதம் கழித்து எதிர்ப்பு வந்துவிட்டதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். கதிர்வீச்சு வேலைக்குத் தரும், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளக்கும் பட்டையை லாக்கரில் விட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது 5 வருட சராசரி எல்லை, அந்தக் கணக்கு பட்டை உங்கள் உடம்பில் இருந்தால்தான் உண்மையாகும்.

டெஸ்ட் எடுக்கும் நாளில்

வேலை உடுப்போடு போகாதீர்கள். உடுப்பில் இருக்கும் தூசு ரத்தம் எடுக்கும் குப்பியிலோ சிறுநீர்க் குப்பியிலோ ஒரு துளி விழுந்தாலும் எண் தாறுமாறாகும். முடிந்தால் குளித்து, இல்லாவிட்டால் கையையும் முன்கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, வேறு உடை மாற்றி, வேலை நடக்கும் அறைக்கு வெளியே வைத்துத்தான் மாதிரி கொடுக்க வேண்டும்.

ஆர்செனிக் டெஸ்ட் என்றால் அதற்கு முன் 3 நாள் மீன், இறால், நண்டு சாப்பிடாமல் இருங்கள். கடல் உணவில் இயல்பாக இருக்கும் தீங்கற்ற ஆர்செனிக்கும் மொத்த அளவில் சேர்ந்துவிடும். பாட்டில் பானங்களில் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பென்சோயேட், டொலுவீனுக்காகப் பார்க்கும் ஹிப்யூரிக் அமிலத்தைக் கூட்டிக் காட்டும். சிறுநீர் டெஸ்டுக்கு முன் லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் மாதிரி நீர்த்துப்போகும், சிறுநீரில் இயல்பாகவே இருக்கும் கிரியேட்டினின் என்ற பொருளின் அளவை வைத்து ஆய்வகம் அதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடும்.

ஸ்பைரோமெட்ரியில் உங்கள் முயற்சிதான் ரிப்போர்ட். ஒரு மணி நேரம் முன்பிருந்தே புகைக்காமல், வயிறு முட்டச் சாப்பிடாமல் போய், நெஞ்சு நிறைய இழுத்து, வெடிப்பது போல ஊதி, காற்று தீரும்வரை நிறுத்தாமல் ஊதுங்கள். குறைந்தது 3 நல்ல ஊதல்கள் வேண்டும், ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருக்க வேண்டும். ஒரே ஒரு தடவை ஊதச் சொல்லி 'போதும், அடுத்த ஆள்' என்றால் அது டெஸ்ட் இல்லை.

ரிப்போர்ட் வந்ததும்

'எல்லாம் நார்மல்' என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். எண்ணையும் அலகையும் தேதியையும் கேளுங்கள், நகலும் வாங்குங்கள். போன தடவையோடும் முதல் தடவையோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். எல்லைக்குள்ளேயே 8, 12, 17 என்று ஏறிக்கொண்டே போகிற ரத்த ஈயம், எல்லையைத் தாண்டும்வரை காத்திருக்க வேண்டிய விஷயம் இல்லை, ஏன் ஏறுகிறது என்று இப்போதே கேட்க வேண்டிய விஷயம்.

எதிர்பாராமல் ஒரே தடவை எகிறினால் பதற வேண்டாம், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் அப்படியே வந்தால் அப்புறம் மூன்று காரியம் நடக்க வேண்டும். உங்களை அந்தப் பொருளிலிருந்து தற்காலிகமாக விலக்க வேண்டும், சம்பளம் குறையாமல். எங்கே கசிகிறது என்று வேலையிடத்தில் தேட வேண்டும்: உறிஞ்சும் விசிறி ஓடுகிறதா, மாஸ்க் முகத்தோடு பொருந்துகிறதா, கை கழுவ இடம் இருக்கிறதா, யாராவது தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசு கிளப்புகிறார்களா. மூன்றாவது, அதே இடத்தில் வேலை செய்யும் மற்றவர்களையும் சோதிக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கு ஏறியிருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் ஏறியிருக்கலாம்.

நடைமுறையில் பல இடங்களில் ஆளை மட்டும் மாற்றிவிட்டு அதே இடத்தில் புதியவரை நிறுத்துகிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். அடுத்து எகிறப்போவது அந்தப் புதியவரின் ரிப்போர்ட். அதைவிட மோசமான இன்னொரு வழக்கமும் உண்டு: ஈயம் ஏறினால் அதை வெளியேற்றும் மாத்திரையோ ஊசியோ கொடுத்து, மறுநாளே அதே வேலைக்கு அனுப்புவது. ஈயம் உள்ளே வந்துகொண்டே இருக்கும்போது அந்த மருந்தைத் தடுப்பு மருந்து போலக் கொடுப்பது ஆபத்து, மருத்துவ முறைக்கும் எதிரானது. அப்படி யாராவது தந்தால் மறுத்துவிட்டு, வேறு டாக்டரிடம் போங்கள்.

டெஸ்டுக்கும் டெஸ்டுக்கும் நடுவே

வருடத்தில் ஒரு நாள் டாக்டர் பார்க்கிறார், மற்ற நாளெல்லாம் நீங்கள்தான். ஷிப்ட் முடிந்ததும் காதில் ரீங்காரம், தலை கனப்பது, வீட்டில் டிவி சத்தத்தை மற்றவர்கள் குறைக்கச் சொல்வது, காரணமில்லாத வயிற்றுவலியும் மலச்சிக்கலும், மாடி ஏறும்போது புதிதாக இரைப்பது, கையில் அரிப்பு, இதில் எது வந்தாலும் தேதி போட்டு எழுதுங்கள். அந்த நாள் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சூப்பர்வைசரிடம் வாயால் சொல்வதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள், ஒரு மெசேஜ் ஆனாலும் போதும். அடுத்த டெஸ்ட் தேதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இடையில் டெஸ்ட் கேட்பதற்கு உங்களுக்குக் காரணம் இருக்கிறது. வேலைக்கு நடுவில் புதுப் பொருள் வந்தாலோ வேறு எந்திரத்துக்கு மாற்றினாலோ பழைய நோட்டில் அதைச் சேர்த்து, இதற்கு முதல் பரிசோதனை தேவையா என்று மறுபடி கேளுங்கள்.

காகிதங்களை வைத்துக்கொள்வது

பல நாடுகளில் இந்தப் பதிவுகளை நிறுவனம் 30 வருடம் வைத்திருக்க வேண்டும், ஆஸ்பெஸ்டாஸ் என்றால் சில நாடுகளில் 40 வருடம். ஆனால் நிறுவனம் மூடப்படலாம், கை மாறலாம், ஒப்பந்தக்காரர் காணாமல் போகலாம். உங்கள் நகல் உங்களிடம் இருக்கட்டும், போனில் போட்டோவும் எடுத்து வையுங்கள். ரிப்போர்ட்டோடு எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எங்கே, எந்த எந்திரத்தில், எந்தப் பொருளோடு வேலை செய்தீர்கள் என்ற ஒரு பக்கக் குறிப்பும் வேண்டும். காற்றில் தூசு, சத்தம் அளந்த அறிக்கை கிடைத்தால் அதன் நகலையும் சேருங்கள். இடம் விட்டு இடம் மாறும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இது மற்றவர்களைவிட இரண்டு மடங்கு முக்கியம், அவர்களுடைய ரிப்போர்ட்டுகளை ஒன்றாக வைத்துப் பார்க்க வேறு யாரும் இல்லை.

வேலையை விடும்போது கடைசிப் பரிசோதனை ஒன்று கேளுங்கள். சேரும்போது எடுத்த அதே டெஸ்டுகள், முடிந்தால் அதே முறையில். தூசிலும் ஆஸ்பெஸ்டாஸிலும் வேலை பார்த்தவர்களுக்கு நோய் வேலையை விட்டு வெகுகாலம் கழித்தே வரலாம் என்பதால், அதன்பிறகு எந்த டாக்டரிடம் மூச்சுக்கோ இருமலுக்கோ போனாலும் அந்த ஒரு பக்கக் குறிப்பை முதலில் காட்டுங்கள். வீட்டில் ஒருவருக்கு அந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவையுங்கள்.